கஞ்சிக்கோட்டுக் கரி

கஞ்சிக்கோடு,
9-6-2025

அன்புள்ள தம்பி ரிஜினுக்கு,

அக்கா ஜோமோள் எழுதுகிறேன். மாதா காவலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்காலும் உன் வாயும் எப்படி இருக்கின்றன என்று எழுது. மழைக்காலம் இரண்டுக்கும் ஆகாது.

ஈஸ்டர் அன்று போனில் நாம் போட்ட சண்டைக்கு அம்மா விதித்த தண்டனையை இன்று தொடங்கிவிட்டேன். "போனைப் போட்டா ரெண்டு பேரும் கடிச்சுக்கிடுதிய. இனிமே எழுதுங்க, நான் கேக்கேன்" என்று சொன்னபோது விளையாட்டு என்றுதான் நினைத்தேன். நேற்றுப் போன் செய்தேன். எடுத்த அம்மா, "காயிதம் எங்க?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

முதலில் ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டும். நான் பாலக்காட்டில் கரி அள்ளுகிறேன் என்று அம்மா எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம். நான் அள்ளுவது கரி இல்லை. கார்பன் நானோ குழாய். எரிவாயுவைக் காற்றுப் படாமல் சுடவைத்து, இரும்பு கலந்த ஒரு பொடியின் மேல் விட்டால் ஒவ்வொரு துகளிலும் குழாய் குழாயாக முளைக்கும். தலைமுடி ஒன்றைப் பத்தாயிரமாகக் கிழித்தால் அந்தப் பருமன் வரும். மொத்தமாகப் பார்த்தால் கறுப்புப் பஞ்சு. வண்டி பேட்டரிக்குள் துளி சேர்த்தால் மின்சாரம் தடையில்லாமல் ஓடும். இதை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டு.

பழைய உலை மணிக்கு இரண்டு கிலோதான் தரும். இப்போது வைத்திருக்கிற பெரிய உலை மூன்று மாடி உயரம், மணிக்கு அறுபது கிலோ தர வேண்டும். அதை வரைந்தது நான். பொடியை அடியிலிருந்து வாயு தூக்கி ஆட்டும், அந்த வகையில் தேயிலை பேக்டரியில் நீ ஓட்டுகிற டிரையருக்குத் தூரத்துச் சொந்தம். அக்டோபர் முடிவதற்குள் எழுபத்திரண்டு மணி நேரம் அது நிற்காமல் ஓட வேண்டும். பேட்டரி கம்பெனிக்காரர்கள் வந்து கூடவே நின்று பார்ப்பார்கள். ஓடினால் உலை என் பொறுப்பு. ஓடாவிட்டால் வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து இதைப் பிரித்துப் போட்டுவிட்டு வேறு உலை வைக்கும். நான் மறுபடி ஆய்வுக்கூடத்தில் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டப் போக வேண்டியதுதான்.

அம்மாவுக்கு என் முத்தம். உனக்கு ஒரு குட்டு.

ஜோமோள்

*

சூரியநெல்லி,
18-6-2025

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த அக்காவுக்கு,

தம்பி ரிஜின் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். குட்டு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் உன் கடிதத்தை வாசித்தேன். பக்கத்து வீட்டு மதலேனம்மாளும் உட்கார்ந்து கேட்டார்கள். நீ சொன்னபடி இரண்டு முறை. முடிந்ததும் அம்மா, "அப்போ கரிதான், ஆனா ரொம்பச் சன்னமான கரி" என்றாள். வழக்கு தீர்ந்தது.

டிரையருக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த உரிமையை நான் இன்னும் கொடுக்கவில்லை. ஓட்டைத்தட்டுக்கு அடியிலிருந்து சூட்டுக் காற்று எழும்பி ஈரத் தூளைக் கொதிக்கிற கஞ்சி போலக் குதிக்க வைக்கும் அந்த இடத்தில் நான் ஏழு வருஷமாக நிற்கிறேன். நீ ஒரு தடவையாவது உள்ளே வந்து பார்த்திருக்கிறாயா? லீவுக்கு வந்தபோதெல்லாம் பொம்பளைப் பிள்ளைகளோடு சேர்ந்து இலை புளிக்கிற தொட்டியைக் கழுவினாய், அவ்வளவுதான். டிரையர் ரூமுக்குள் பெண்களை விட மாட்டார்கள் என்பது என் குற்றம் இல்லை.

எழுபத்திரண்டு மணி என்ன, எழுநூறு மணி ஓடட்டும். அம்மா உலைக்கும் சேர்த்து ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்கிறாள்.

ரிஜின்

*

கஞ்சிக்கோடு,
7-7-2025

அன்புள்ள ரிஜினுக்கு,

நலமே. நீங்களும் அப்படியே இருக்க ஆசை. இங்கே மழை வாளையாறு பக்கத்திலிருந்து கிளம்பி எங்கள் கூரை மேல் வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது. புதுக் குடை வாங்கினேன்.

உலை நன்றாக இருக்கிறது. என் ஷிப்டில் கோவிந்தாபுரத்துச் சாந்தம்மாள் இருக்கிறார். பதினைந்து வருஷம் மில்லில் நூல் ஓட்டிவிட்டு இங்கே வந்தவர். முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து நின்றால் நிலவுக்குப் போகிற ஆள் மாதிரி இருப்பார். அன்றைக்கு அவர், "ஏனுங் மேடம், பெரிய உலைக்கு எதுக்குங்க இத்தனை குளிப்பாட்டு?" என்று கேட்டார்.

அது என் பெருமை, ரிஜின். பழைய உலையில் வெளியேற்றும் வாய் சரியில்லை. எத்தனை தட்டினாலும் அடியில் ஒரு வாளிப் பஞ்சு தங்கிவிடும். பெரிய உலையில் அந்தக் குறையே கிடையாது. சரிவைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், ஓட்டம் முடிந்ததும் ஒரு கைப்பிடி மிச்சமில்லாமல் கொட்டிவிடும். பிறகு உள்ளே துடைத்துப் பளபளவென்று வைத்துத்தான் அடுத்த ஓட்டம். நேற்றைய இலை ஒரு இணுக்குத் தொட்டியில் இருந்தாலும் இன்றைய தேயிலை கெட்டுப்போகும் என்று எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன். கை மறக்குமா?

அம்மாவுக்குச் சொல், நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஜோமோள்

*

சூரியநெல்லி,
16-7-2025

அக்காவுக்கு,

அம்மா நலம், நான் நலம், குடையின் நலம் அறிய ஆவல்.

உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் மதலேனம்மாளுக்குப் பரம சந்தோஷம். அம்மா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போனாள். ராத்திரிச் சோறு போடும்போது, "எவ்வளவு நேரம் ஓடிச்சுன்னு அவ எழுதலியேலே" என்றாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு அதை ஒரு வருஷம் சொல்லிக் காட்டிய ஆள் நீ. மணிக்கணக்கு இல்லாமல் குடைக்கணக்கு எழுதினால் எங்களுக்குத் தெரியாதா?

ஒன்று செய். அடுத்த கடிதத்தில் இரண்டு தாள் வை. ஒன்றை ஜெபமாலைக்குப் பிறகு வாசிப்பேன். மற்றதை நான் மட்டும் வாசித்து அடுப்பில் போடுகிறேன். மாதா மேல் ஆணை.

ரிஜின்

*

கஞ்சிக்கோடு,
25-7-2025

(இது இரண்டாவது தாள். முதல் தாளில் ஓணத்துக்குப் புடவை வாங்கியதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறேன்.)

ரிஜின்,

உடம்பு நலம்தான், மற்றது ஒன்றும் நலமில்லை.

நான்கு முறை ஓட்டினோம். ஒன்பது மணி நேரம், பதினொன்று, எட்டு, மறுபடி ஒன்பது. ஒவ்வொரு முறையும் ஒரே கதை. முதலில் அழகாகக் கிளம்புகிறது. பிறகு துளைத்தட்டை ஒட்டியே பொடி கட்டிப்போகிறது. துளைகள் அடைந்து, வாயு எங்கேயோ ஒரு சந்து பிடித்து அது வழியாக மட்டும் ஓடிவிடுகிறது, மற்ற பொடி எல்லாம் செத்த மாதிரி கிடக்கிறது. நிறுத்தி, இரண்டு நாள் ஆறவிட்டு, திறந்து சுரண்ட வேண்டும். உள்ளே கறுப்புச் சிமெண்டு போல ஒட்டியிருக்கும். வாயுவைக் கூட்டினேன், குறைத்தேன், சூட்டை மாற்றினேன், பொடியையே மாற்றினேன். சின்ன உலையில் ஒரு நாளும் வராத நோய் பெரிய உலைக்கு மட்டும் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

எங்கள் பிளான்ட் தலைவர் லட்சுமிநாராயணன் சார் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், கோபப்படத் தெரியாதவர். நேற்று என்னைக் கூப்பிட்டு, "உன் மேல நேக்கு நம்பிக்கை இருக்கு, கேட்டயா. ஆனா போர்டுல நம்பிக்கையை வெச்சுண்டு என்ன பண்றது? மணி சொல்லுன்னு கேக்கறா. செப்டம்பர் கடைசி வரை பார்ப்போம். அப்பறம் அந்தக் குழுவைக் கூப்பிடறதைத் தவிர வேற வழி இல்லே" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பயமாக இருக்கிறது, தம்பி. அந்த உலையைப் பிரிக்கிறதைப் பார்த்துக்கொண்டு அதே கட்டடத்தில் என்னால் வேலை செய்ய முடியாது. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

ஜோமோள்

*

சூரியநெல்லி,
30-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். ஒரு வாரம் சின்னக்கானல் ரோட்டில் மண் சரிந்தது, இன்னொரு வாரம் யானை இறங்கித் தபால்காரர் வரவில்லை. மிச்ச இரண்டு வாரத்துக்கு என்னிடம் சாக்கு இல்லை. அம்மா நலம். நானும் நலம் என்றே வைத்துக்கொள்.

உன் இரண்டாவது தாளை எரித்துவிட்டேன். உன் உலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆறுதல் சொல்லி எழுதினால் உனக்குக் கோபம் வரும். அதனால் நான் பட்ட கோபத்தை எழுதுகிறேன், கேள்.

புது அசிஸ்டென்ட் மேனேஜர் ஒருத்தர் வந்திருக்கிறார். மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று ஆகஸ்ட் ஆரம்பத்தில் டிரையரை முழுக்க வழித்துக் கழுவச் சொன்னார். கழுவினோம், அது சரி. காலையில் அந்த வெறும் ஓட்டைத்தட்டு மேல் நேராக ஈரத் தூளைப் போடு என்றார். "சார், கீழே ஒரு படுக்கை காய்ந்த தூள் போடாமல் ஈரத்தை இறக்கக் கூடாது. வெறும் தட்டில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஓட்டை அடைத்தால் காற்று ஒரு மூலை வழியாகப் போய்விடும்" என்றேன். நேற்றைய தூளை இன்றைய தூளோடு கலப்பது அசுத்தம் என்கிறார்! நான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். அவர் சொன்னபடியே போட்டார்கள். அரை மணியில் தட்டு முழுக்க அப்பளம் மாதிரி கருகிப்போனது. படித்தவர்களுக்குச் சுத்தம் என்றால் ஒரே ஒரு சுத்தம்தான் தெரிகிறது. தொட்டியின் சுத்தம் வேறு, டிரையரின் சுத்தம் வேறு.

எழுதினதும் மனசு லேசாகிவிட்டது. நீ சாப்பிடு.

ரிஜின்

*

கஞ்சிக்கோடு,
4-9-2025

ரிஜின்,

நலம் விசாரிக்க நேரமில்லை, எல்லோரும் நலமாக இருங்கள்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். மறுபடி வாசித்தேன். அப்புறம் ஓடிப்போய்ப் பழைய உலையின் அடியைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரு வாளி! நான் குறை என்று நினைத்துக் கணக்குப் போட்டு நீக்கினேனே, அந்தத் தங்கிப்போன பஞ்சுதான் சின்ன உலைக்குப் படுக்கை. அது இருந்ததால்தான் புதுப்பொடி தட்டைத் தொடாமல் அதோடு கலந்து ஆடியது. நான் பெரிய உலையை ஒவ்வொரு முறையும் துடைத்து வழித்து, வெறும் தட்டில் புதுப்பொடியைக் கொட்டினேன். உன் அசிஸ்டென்ட் மேனேஜர் செய்ததைத்தான் நானும் நாலு தடவை செய்திருக்கிறேன். அவரைத் திட்டிய வார்த்தையை எனக்கும் சேர்த்து அனுப்பு.

உடனே பதில் வேண்டும். படுக்கை எத்தனை கனம் போடுகிறீர்கள்? ஈரத்தை மொத்தமாக இறக்குவீர்களா, கொஞ்சம் கொஞ்சமாகவா? எந்த இடத்தில்? படுக்கை போதவில்லை என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வாய்? ஞாபகத்தில் இருப்பதை எழுதாதே. அளந்து எழுது.

ஜோமோள்

*

சூரியநெல்லி,
10-9-2025

அக்காவுக்கு,

இங்கே நலம். நீ கேட்டது இதோ.

படுக்கை நாலு விரல். அளந்தாயிற்று. மொத்தத் தூள் ஓடும்போது இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். ஈரத்தை ஒரே இடத்தில் கொட்டக் கூடாது, தூவ வேண்டும். தட்டின் பக்கம் போகக் கூடாது, ஆடுகிற தூளின் நடுவில் விழ வேண்டும். ஈரம் விழுகிற பக்கம் காற்று அதிகம், காய்ந்து வெளியே போகிற பக்கம் குறைவு. ஒரு பக்கம் போட்ட அளவு மறுபக்கம் போய்க்கொண்டே இருக்க வேண்டும், மொத்தமாக வழித்து எடுக்கவே கூடாது. படுக்கை போதவில்லை என்றால் சத்தம் மாறும். நல்ல படுக்கை நெல் புடைக்கிற மாதிரி சத்தம் போடும். கெட்டது விசில் அடிக்கும்.

விசில் உனக்குக் கேட்குமா தெரியாது. உன்னிடம் மீட்டர் இருக்கும்.

ரிஜின்

*

கஞ்சிக்கோடு,
9-10-2025

என் தங்கத் தம்பிக்கு,

நலம், நலம், நலம். இந்தக் கடிதத்தில் இரண்டாவது தாள் கிடையாது. மொத்தத்தையும் உரக்க வாசி. மதலேனம்மாளையும் கூப்பிடு, லயத்தில் வேறு யாராவது இருந்தால் அவர்களையும்.

தொண்ணூற்றாறு மணி நேரம்!

கேட்டது எழுபத்திரண்டு. உலையில் மூன்றில் ஒரு பங்கு பழைய பஞ்சை விட்டு வைத்தோம். புதுப்பொடியை நடுவில் தூவுகிற மாதிரி குழாயை மாற்றினோம். என் அழகான சரிவை நானே தகடு வைத்து அடைத்தேன். ஒத்திகை இரண்டு முறை பிசகாமல் ஓடியது. மூன்றாம் தேதி காலை பேட்டரி கம்பெனிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்பதாவது மணி நேரத்தில் நான் மீட்டரைப் பார்க்கவில்லை, சாந்தம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அவர் குழாயில் காதை வைத்துக்கொண்டு, "நெல்லுப் பொடைக்குதுங்க மேடம்" என்றார். நீ எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். பத்து மணி, இருபது, ஐம்பது. எழுபத்திரண்டு ஆனதும் எல்லோரும் கைதட்டினார்கள், யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தத் தோன்றவில்லை. தொண்ணூற்றாறில் பஞ்சைப் பிடிக்கிற பைகள் தீர்ந்துபோனதால் நிறுத்தினோம். கேட்டிருந்தால் உலை இன்னும் ஓடியிருக்கும். திறந்து பார்த்தால் தட்டில் ஒரு துளைகூட அடைக்கவில்லை. லட்சுமிநாராயணன் சார், "நன்னாயிருக்கு, நன்னாயிருக்கு" என்று சொல்லிக்கொண்டே மூன்று மாடியும் ஏறி இறங்கினார். இடுப்பு வலிக்கிற மனுஷன். உலை இனி என் பொறுப்பு.

இப்போது உன் விஷயம். அம்மாவின் சட்டத்தை மீறி, முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று பேக்டரிக்குப் போன் செய்தேன். டிரையர் ரூமில் உன் கூட்டாளி சிஜு எடுத்தான். "ரிஜினா? அவன் ஆகஸ்ட்லருந்து டிரையர்ல இல்லியே அக்கா. சாருகிட்ட வாயக் குடுத்தான்லா, கொழுந்து நிறுக்கப் போட்டுட்டாவ. டிரையர் ரூம்ல கால வச்சா சீட்டுக் கிழிஞ்சிரும்னு எழுதி வாங்கிட்டாவ" என்றான்.

செப்டம்பர் பத்தாம் தேதி நாலு விரல் படுக்கையை எப்படி அளந்தாய்?

ஜோமோள்

*

சூரியநெல்லி,
16-10-2025

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று சொன்னால் போதாது. அம்மா பூரித்துப்போயிருக்கிறாள். உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். சிஜு சொன்னது இருக்கிற பத்தியையும் நீ சொன்னபடி உரக்கத்தான் வாசிக்க வேண்டியதாயிற்று. ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தேன். "எனக்குத் தெரியும்லே. ரெண்டு மாசமா உன் சட்டையில சூட்டு வாசம் இல்லாம இருந்துச்சே" என்றாள். நீ எதற்கு இரண்டு தாள் எழுதினாய், நான் எதற்கு மறைத்தேன் என்று தெரியவில்லை.

நீ அளந்து எழுது என்றாய். நான் என்ன செய்ய? சாப்பாட்டு மணி அடித்ததும் சிஜுவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஓடுகிற டிரையரை இரண்டு நிமிஷம் நிறுத்தி விரலை விட்டு அளந்தேன். நடுவிரலில் கொப்புளம் வந்தது, ஆறிவிட்டது. பிடித்திருந்தால் வேலை போயிருக்கும். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை, உன் உலை நிற்கக் கூடாது என்று மட்டும்தான் இருந்தது. பிறகு கொழுந்துக் கொட்டகைக்கு வந்து ஒரே கூடையை இரண்டு தடவை எடை போட்டேன்.

இப்போது நல்ல செய்தி. என் பங்குக்கு நானும் ஜெயித்துவிட்டேன். அசிஸ்டென்ட் மேனேஜர் செப்டம்பரில் மறுபடி வழித்துக் கழுவச் சொன்னார், மறுபடி கருகியது. போன வாரம் மூன்றாம் தடவை. பெரிய மேனேஜர் கருகின தூளைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்து, "ரிஜின், போய் உன் படுக்கையைப் போடு" என்றார். கொழுந்துப் பெண்கள் எல்லோரும் குலவை போட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து டிரையரில் இருக்கிறேன்.

அம்மா உன்னைப் போனில் கூப்பிடலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். போனில் என்றால் இதற்குள் சண்டை வந்திருக்கும்.

ரிஜின்

*

கஞ்சிக்கோடு,
28-11-2025

அன்புள்ள ரிஜினுக்கும் அம்மாவுக்கும்,

சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்துக்குத் தினமும் வேண்டுகிறேன். உன் நடுவிரலுக்குத் தனியாக.

கொப்புளத்தைப் பற்றி வாசித்த அன்று நன்றாக அழுதேன். சாந்தம்மாள் என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் ஷிப்டு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாளே உலைக்குள் விட்டுவைக்கிற பஞ்சுக்கு அவர்களாக ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். கிளப்புவதற்கு முன்னால் மேல்மாடியிலிருந்து ஒருவர் "சூரியநெல்லி இருக்குதுங்களா?" என்று கத்துவார். கீழே மட்டத்தைப் பார்த்துவிட்டு "இருக்குதுங்க!" என்று பதில் வரும். அது வராமல் யாரும் வாயுவைத் திறப்பதில்லை. ஷிப்டு நோட்டிலும் இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே ஏறிவிட்டது. லட்சுமிநாராயணன் சாரும் அதைத் திருத்தவில்லை.

நேற்று அந்த வெளிநாட்டுக் குழு வந்தது. என் உலையைப் பிரிக்க வருவதாக இருந்த அதே நாலு பேர். இப்போது கற்றுக்கொள்ள வந்தார்கள். அவர்கள் ஊரில் வைத்திருக்கிற உலை இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடுவதில்லையாம். ஷிப்டு நோட்டைப் புரட்டிய மூத்தவர், ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, தன் நோட்டில் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு, "சூரியநெல்லி என்பது என்ன வேதிப்பொருள்? எந்தக் கம்பெனி விற்கிறது?" என்று கேட்டார்.

சாந்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ரிஜின். நெஞ்சு நிமிர்ந்தது. விற்பனைக்கு இல்லை, அது எங்கள் ஊர், அங்கே என் தம்பி டிரையர் ஓட்டுகிறான் என்று சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். டிரையர் ரூமுக்குள் என்னை விடச் சொல்லி உங்கள் பெரிய மேனேஜருக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன்.

உன் அக்கா,
ஜோமோள்